வம்சாவளி தெரியாத குரங்கு ஆய்வுக்கு உதவுமா? – உயிர்மருத்துவ ஆய்வுக்கான குரங்குக் கூட்டங்களும் பரம்பரையலகுப் பரிசோதனையும்

திருநெல்வேலி ரீச்சர்

குரங்குத் தொல்லை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், இவற்றைப் பிடித்து மருந்து ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டால் தோட்டமும் தப்பும், நாட்டுக்குக் காசும் வரும் என்ற யோசனையும் கூடவே எழுகிறது. 2023 ஆம் ஆண்டில் இலங்கையின் செங்குரங்குகள் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி அப்போதைய விவசாய அமைச்சர் பேசியபோது, அவை மிருகக்காட்சிச்சாலைகளுக்காகவே கேட்கப்படுகின்றன என்று சொல்லப்பட்டாலும், ஆய்வுகூடங்களுக்கே போகும் என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, அவ்வாறான ஏற்றுமதி நடைபெறாது என்று அரச தரப்பு உறுதியளித்ததோடு அடங்கியது. பின்னர் 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கின் மேல் பழி விழுந்ததும், அடுத்த மாதமே பயிரழிக்கும் விலங்குகளை ஐந்து நிமிடங்களில் எண்ணும் கணக்கெடுப்பு நடந்ததும் பழைய யோசனைக்குப் புது உயிர் கொடுத்திருக்கின்றன.

எனது கேள்வி அரசியல் சார்ந்ததன்று. வெளிநாட்டு ஆய்வு நிலையங்கள் தம்மிடம் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்து, தாய் தந்தையரை உறுதிப்படுத்தி, வம்சாவளியைப் பதிந்து வைக்கின்றன என்று வாசித்தேன். குரங்கு குரங்குதானே, அதன் தகப்பன் யாரென்று அறிய ஏன் இவ்வளவு செலவு செய்ய வேண்டும்? இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் இங்கே இருந்தால் விளக்கமாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மாங்குளத்துத் தென்னங்காணி

ரீச்சர், வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் எனது காணி மாங்குளத்தில் இருக்கிறது. குரும்பைப் பருவத்திலேயே குரங்குகள் பறித்து எறிந்துவிடுவதால் காய் என்று கைக்கு வருவது சொற்பம். வம்சாவளி பார்க்காமல் பிடித்துக்கொண்டு போக யாராவது வந்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் உண்மையில் யாரும் வாங்குவார்களா என்பதை நானும் அறிய விரும்புகிறேன்.

கரவெட்டியான்

ரீச்சருடைய கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். அமெரிக்காவில் குரங்கு ஆய்வு நிலையம் ஒன்றின் பரம்பரையலகு ஆய்வுகூடத்தில் வேலை செய்து, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவன் நான். நிலையத்தின் பெயர் இங்கு தேவையில்லை. அந்நாட்டில் அரச நிதியில் இயங்கும் தேசிய நிலையங்கள் ஏழு உள்ளன, அவை அனைத்திலும் அடிப்படை நடைமுறை ஒன்றுதான்.

ஒரு தடுப்பூசிப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு குரங்குகளில் ஆறுக்குத் தடுப்பூசி ஏற்றி, ஆறை ஒப்பீட்டுக்காக வைத்து, பின்னர் அனைத்துக்கும் எஸ்ஐவி வைரசைச் செலுத்துகிறார்கள். மனிதரில் எச்ஐவி செய்வதைக் குரங்கில் செய்யும் வைரசு அது. தடுப்பூசி ஏற்றப்பட்ட ஆறில் நான்கின் இரத்தத்தில் வைரசு மிகக் குறைவாகக் காணப்பட்டால் தடுப்பூசி வேலை செய்கிறது என்று மகிழத் தோன்றும். ஆனால் ஆய்வுகளில் பெரிதும் பாவிக்கப்படும் ரீசஸ் என்ற இனக் குரங்குகளில் மாமு-பி08, மாமு-பி17 என்ற நோயெதிர்ப்பு எதிருருக்களை, அதாவது பரம்பரையலகின் மாறுபட்ட வடிவங்களை, கொண்ட சில, எந்தத் தடுப்பூசியும் இல்லாமலே அந்த வைரசை அடக்கி வைக்கக்கூடியவை. மாமு-ஏ01 என்ற எதிருருவும் வைரசின் அளவைக் குறைப்பதோடு தொடர்புடையது. அந்த நான்கும் ஒரே ஆண் குரங்கின் பிள்ளைகளாக இருந்து, தகப்பனிடமிருந்து அப்படியொரு எதிருருவைப் பெற்றிருந்தால், ஆய்வாளர் அளந்தது தடுப்பூசியை அன்று. ஒரு குடும்பத்தின் சொத்தை. இதனால்தான் பரிசோதனை தொடங்குமுன்பே ஒவ்வொரு விலங்கின் எதிருருக்களையும் உறவுமுறையையும் பார்த்து, இரு பக்கமும் சமமாகப் பிரிக்கிறார்கள்.

அடுத்தது பூர்வீகம். ஒரே ரீசஸ் இனமாக இருந்தாலும், இந்திய வழிவந்தவையும் சீன வழிவந்தவையும் எஸ்ஐவி தொற்றுக்கு ஒரேமாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. பொதுவாக இந்திய வழிவந்தவற்றில் நோய் விரைவாக முற்றுகிறது. 1950களில் போலியோ தடுப்பூசி உற்பத்திக்கு இந்தியக் குரங்குகளின் சிறுநீரகக் கலங்கள் பெருமளவில் தேவைப்பட்டதால் ஆண்டுதோறும் பெருந்தொகையான விலங்குகள் கப்பலேறின. 1978 இல் இந்தியா ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. அன்றிலிருந்து அமெரிக்க நிலையங்களில் உள்ள இந்திய வழி ரீசஸ் குரங்குகள், வெளியிலிருந்து புது இரத்தம் கிடைக்காத மூடிய கூட்டங்களாகவே பெருகி வருகின்றன. இடையில் சில இடங்களில் சீன வழிக் குரங்குகளோடு கலப்பும் நிகழ்ந்தது. கண்ணால் பார்த்து அந்தக் கலப்பைப் பிரித்தறிவது நம்பத்தக்கதன்று. டிஎன்ஏயில் பார்த்தால் தெரியும்.

இனி எமது செங்குரங்குக்கு வருவோம். பொலன்னறுவையில் 1968 முதல் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் நடத்திவந்த நீண்டகால ஆய்வினால், காட்டு நிலையில் மிக நுணுக்கமாக அறியப்பட்ட குரங்குகளுள் ஒன்றாக இது இருக்கிறது. அந்தக் குரங்குகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 1980களில் அவற்றிடையே டெங்கு வைரசு பரவிச் சென்றிருந்தமைக்குச் சான்று கிடைத்தது. மலேரியாவும் அப்படியே: செங்குரங்கு பிளாஸ்மோடியம் சைனோமொல்கி ஒட்டுண்ணியின் இயற்கை விருந்துவழங்கி; பிளாஸ்மோடியம் சிமியோவேல் என்ற ஒட்டுண்ணி 1965 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதே இலங்கைக் குரங்கிலிருந்துதான். மாங்குளத்தில் பிடிக்கும் ஒரு குரங்கு எந்த வைரசைக் கண்டிருக்கிறது, எந்த ஒட்டுண்ணியைச் சுமக்கிறது, அதற்குப் பக்கத்தில் நிற்பது அதன் தம்பியா அந்நியனா என்பதை எவரும் சொல்ல முடியாது. டெங்குத் தடுப்பூசியை அதில் பரிசோதித்தால் கிடைக்கும் விடைக்கு என்ன பொருள் கொடுப்பது?

ஆகவே காணிக்காரருக்கு நேரடியான பதில்: கணக்கு வைத்து வேலை செய்யும் ஆய்வுகூடம் வாங்காது. வாங்கத் தயாராக இருப்பவர் யாரென்றால், கணக்கு வைக்காதவர் அல்லது பொய்க் கணக்கு வைப்பவர்.

சுன்னாகத்து மிருகவைத்தியர்

கரவெட்டியான் எழுதியதை வாசித்தபோது எனது சேவைக்காலத்து ஆட்டுப்பட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. ஊரில் நல்ல கிடாய் ஒன்று இருந்தால் நாலைந்து வருடங்களுக்கு அயலட்டையில் உள்ள மறிகள் எல்லாம் அதனிடமே போகும். பிறகு அதன் மகள்களும் அதனிடமே போகும். குட்டிகள் சிறுத்து, இறப்புக் கூடிய பின்னர்தான் உரிமையாளர் என்னிடம் வருவார். தீவனத்தைக் குறை சொல்லுவார், புழுவைக் குறை சொல்லுவார், கிடாயை மட்டும் குறை சொல்லமாட்டார்.

ஆட்டில் கிடாயை மாற்றிவிடலாம். குரங்கு கூட்டமாக வாழும் விலங்கு, தலைமை ஆண் என்ற ஒழுங்கும் அதற்கு உண்டு. தலைமை ஆணே எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன் என்றால் உட்கலப்பு, அதாவது நெருங்கிய சொந்தங்களுக்குள் இணைவது, மிக வேகமாக ஏறுமே? தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டியின் உட்கலப்புக் குணகம் 0.25, ஒருவழிச் சகோதரங்கள் சேர்ந்தால் 0.125 என்பது எந்த விலங்குக்கும் பொதுவான கணக்கு. இதை நிலையங்கள் எவ்வாறு கையாளுகின்றன?

கரவெட்டியான்

டொக்டரின் கேள்விதான் இத்துறையின் மையம்.

தலைமை ஆணே எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன் என்பது டிஎன்ஏ பரிசோதனை வருமுன் பலர் கொண்டிருந்த ஊகம். தந்தைமைப் பரிசோதனை வந்தபின், ரீசஸ் கூட்டங்களில் கீழ்நிலை ஆண்களும், வளர்ந்து வரும் இளம் ஆண்களும்கூடக் கணிசமான குட்டிகளுக்குத் தகப்பன்மாராக இருப்பது தெரியவந்தது. அதே பரிசோதனை மறுபக்கத்தையும் காட்டியது: திறந்த வளவில் ஐந்து ஆண்கள் இருப்பதாகப் பதிவேடு சொன்னாலும், ஒரு பருவத்தில் இரண்டு ஆண்களே ஏறத்தாழ எல்லாக் குட்டிகளையும் தந்திருக்கலாம்.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். பயனுறு குடித்தொகை என்பது, பரம்பரை வேறுபாட்டைக் காப்பதில் ஒரு கூட்டம் எத்தனை விலங்குகளுக்குச் சமம் என்ற எண். அதைக் கணிக்கும் எளிய சூத்திரப்படி, இனம்பெருக்கும் ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஐந்து ஆண்கள், நாற்பத்தைந்து பெண்கள் என்றால் ஐம்பது விலங்குகள் நிற்கின்றன, ஆனால் பயனுறு குடித்தொகை 18 மட்டுமே. உண்மையில் இரண்டு ஆண்களே தகப்பன்மார் என்றால் அது 8 இலும் குறைந்துவிடும். ஒரு தலைமுறைக்கு இழக்கப்படும் இதரநுகத்தன்மை (தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வெவ்வேறு எதிருருக்களைப் பெற்றிருக்கும் அளவு), பயனுறு குடித்தொகையின் இருமடங்கின் தலைகீழ். 18 என்றால் தலைமுறைக்கு ஏறத்தாழ 2.8 சதவீதம், பத்துத் தலைமுறையில் கால்வாசி. 8 அளவில் என்றால் தலைமுறைக்கு 6.5 சதவீதம், பத்துத் தலைமுறையில் பாதி போய்விடும். இரண்டு நிலையிலும் வளவைப் பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே ஐம்பது குரங்குகள்தான்.

கையாளும் முறை சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஆண்டுக்கு ஓரிரு தடவை கூட்டம் முழுவதையும் பிடித்து உடல்நலப் பரிசோதனை செய்வார்கள்; காசநோய்ப் பரிசோதனைக்கான ஊசியைக் கண்ணிமையில் ஏற்றுவதும் அப்போதுதான். அந்த வேளையிலேயே புதிய குட்டிகளுக்குப் பச்சை குத்தி இலக்கமிட்டு, டிஎன்ஏக்கு இரத்தம் எடுப்பார்கள். முடிவுகள் வந்ததும் வம்சாவளி புதுப்பிக்கப்படும். பின்னர் ஒவ்வொரு விலங்குக்கும் சராசரி உறவளவு கணிக்கப்படும். அதாவது, கூட்டத்தில் உள்ள ஏனையவற்றோடு அது எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்ற எண். சராசரி உறவளவு குறைந்த விலங்கு அரிய வம்சத்தின் பிரதிநிதி என்பதால், அதைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நிறையப் பிள்ளைகளைப் பெற்ற ஆணை வேறொரு கூட்டத்துக்கு மாற்றுவார்கள்.

மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ரீசஸ் கூட்டம் தாய்வழிக் குடும்பங்களால் ஆனது. மகள்மார் தாயின் கூட்டத்திலேயே நின்று, தாயின் படிநிலையையே பெறுகிறார்கள். ஆண் மட்டுமே பருவமடைந்ததும் வெளியேறுவான். இடையில் நின்று சண்டை விலக்கும் ஒரு மூத்த ஆணை, கணினி சொல்கிறது என்பதற்காக வெளியே எடுத்தால், கீழ்நிலைக் குடும்பம் மேல்நிலைக் குடும்பத்தைத் தாக்கிக் கவிழ்க்கும் கலவரம் மூளலாம். உயிரிழப்பும் நடக்கும். பரம்பரையலகு ஆய்வுகூடம் கொடுக்கும் பட்டியலை நடத்தை அவதானிப்பாளர் மறுத்துத் திருப்பியனுப்புவது எங்கள் நிலையத்தில் வழமையான காட்சி. அவர் மறுத்தது சரியாகவே இருந்தது என்பது எனது அபிப்பிராயம். வம்சாவளி எவ்வளவு அழகாக இருந்தாலும் செத்த குரங்கு குட்டி போடாது.

இன்னொரு நெருக்கடி நோயிலிருந்து வருகிறது. ஹெர்ப்பீஸ் பி என்ற வைரசு, ரீசசும் செங்குரங்கும் அடங்கும் மக்காக் குரங்குகளில் பெரிதாக ஒன்றும் செய்யாது, மனிதருக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடியது. ஆகவே அதுவும் எஸ்ஐவி போன்ற வேறு சில வைரசுகளும் அற்ற தனிக் கூட்டங்களை உருவாக்கினார்கள். குட்டிகளை நேரத்துடன் தாயிடமிருந்து பிரித்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்து, தொற்றில்லாதவற்றை மட்டும் கொண்டு தொடங்குவதே முறை. தொடக்கக் கூட்டம் சிறியதாக இருந்த இடங்களில் பல வம்சங்கள் அந்தக் குறுகிய வாசலோடு நின்றுவிட்டன. நோயற்ற கூட்டத்தைக் கட்டும்போதே எந்த வம்சத்திலிருந்து எத்தனை குட்டிகள் வருகின்றன என்று எண்ணியிருக்க வேண்டும்.

நாவற்குழிப் பிள்ளை

நான் யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் படிக்கிறேன். ஐயா எழுதியதில் எனக்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. எலிகளில் இருபது தலைமுறைக்கு மேல் சகோதரங்களையே இணைத்து, எல்லா எலியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆக்கிய வரிசைகளைத்தான் ஆய்வுக்கு விரும்புகிறார்கள். வேறுபாடு குறைந்தால் விடை தெளிவாகும் என்பதே அங்குள்ள நியாயம். குரங்கில் மட்டும் ஏன் வேறுபாட்டைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும்? முதலில் சொன்ன தடுப்பூசி உதாரணத்தில்கூட, எல்லாக் குரங்கும் ஒரே எதிருருக்களைக் கொண்டிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காதே?

கரவெட்டியான்

பிள்ளை, இது நல்ல கேள்வி.

முதலாவது காரணம் காலம். எலி சில வாரங்களில் பருவமடைந்து, மூன்று வாரத்தில் பல குட்டிகள் போடும். ரீசஸ் பெண் பருவமடைய மூன்று நான்கு வருடங்கள் செல்லும், கர்ப்பகாலம் ஐந்தரை மாதம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி. இருபது தலைமுறை என்றால் ஒரு ஆய்வாளரின் ஆயுள் போதாது. எலி வரிசைகளை உருவாக்கும்போது இடைநடுவில் அழிந்துபோன வரிசைகளும் உண்டு. குரங்கில் அந்த இழப்பைத் தாங்க எவருக்கும் வசதியில்லை, தாங்கவும் கூடாது.

இரண்டாவது காரணம் நோக்கம். மருந்து இறுதியில் மனிதருக்குப் போகிறது, மனிதர் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். 2007 இல் ரீசஸ் குரங்கின் முழு மரபுத்தொகுதி வெளியானபோது அது மனிதருடையதோடு ஏறத்தாழ 93 சதவீதம் ஒத்திருப்பது தெரிந்தது. வேறுபாடு நிறைந்த குரங்குக் கூட்டம் ஒன்றில் ஒரு மருந்து எவ்வாறு செயற்படுகிறது என்பது, வேறுபாடு நிறைந்த மனிதக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க உதவும்.

ஆனால் பிள்ளை கேட்டதில் பாதி சரி என்பதற்கு மொரீசியஸ் தீவே சான்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாலுமிகளால் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட சில நீண்டவால் மக்காக் குரங்குகளிலிருந்து பெருகியவையே இன்றைய கூட்டம் முழுவதும். தொடக்கம் சிறிதென்பதால், நோயெதிர்ப்பை ஆளும் எம்எச்சி பகுதியில் அவற்றிடம் ஏழு பிரதான வடிவங்களே உள்ளன. வேறு இடத்துக் குரங்குகளில் எண்ணற்ற வடிவங்கள் இருக்கையில், இங்கே எம்எச்சி முழுமையாகப் பொருந்தும் இரு குரங்குகளை இலகுவாகத் தேடிக்கொள்ளலாம். உறுப்பு மாற்று, என்புமச்சை மாற்று ஆய்வுகளில் இந்தக் குரங்குகளுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே வேறுபாடு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று அறிந்து, கேள்விக்கு ஏற்ற விலங்கைத் தெரிவதுதான் வேலை.

தீவு என்றதும் போட்டோரிக்கோவை அண்டிய கயோ சந்தியாகோவையும் சொல்ல வேண்டும். 1938 இல் காப்பென்ரர் என்ற ஆய்வாளர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற 409 ரீசஸ் குரங்குகளை அந்தச் சிறு தீவில் விட்டார். அதன்பின் வெளியிலிருந்து புதிய விலங்குகள் சேர்க்கப்படவில்லை. இத்தனை காலம் மூடிக்கிடந்த கூட்டத்தில் உட்கலப்பு உச்சத்தில் இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். பல தலைமுறைகளின் வம்சாவளியை டிஎன்ஏ மூலம் கட்டிப் பார்த்தபோது அது மிகக் குறைவாகவே இருந்தது. ஆண்கள் தாம் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற இடமிருந்ததே முக்கிய காரணம். கூண்டிலும் வேலியிட்ட வளவிலும் அந்த இடம் இல்லை, அங்கே வெளியேற்றத்தை மனிதர்தான் செய்துவைக்க வேண்டும்.

வம்சாவளிப் பதிவினால் வரும் இன்னொரு பயனையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியா நிலையத்தில் பகல் வெளிச்சத்தில் தடுமாறிய சில குரங்குகளை ஆராய்ந்தபோது, அவற்றின் கண்ணில் நிறமறியும் கூம்புக்கலங்கள் வேலை செய்யவில்லை என்பதும், பிடிஈ6சி என்ற பரம்பரையலகின் பிறழ்வே காரணம் என்பதும் தெரிந்தது. மனிதரிலும் அதே பரம்பரையலகு பழுதானால் அதே பார்வைக் குறைபாடு வரும். ஒரிகன் நிலையத்தில் யப்பானிய மக்காக் குரங்குகளில் குழந்தைகளைத் தாக்கும் பற்றன் நோயின் ஒரு வகை கண்டுபிடிக்கப்பட்டது. இவை எவரும் செயற்கையாக உருவாக்காத நோய்கள். பிறழ்வைக் காவும் சொந்தங்கள் யாரென்று வம்சாவளி காட்டியிராவிட்டால், கண் தெரியாத ஒரு குரங்கு என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருப்பார்கள்.

வலிகாமத்தான்

இவ்வளவு கணக்கையும் வாசித்தபின் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதையும், சண்டையில் சாவதையும், வைரசு ஏற்றுவதையும் ஏதோ களஞ்சியக் கணக்குப்போல் எழுதுகிறீர்கள். பரம்பரையலகுப் பரிசோதனை இந்தத் தொழிலைத் திறமையாக்குகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். திறமையாக்குவது நியாயமாக்குவதாகுமா? அத்தோடு, காட்டில் பிடித்தவற்றை வளர்ப்பில் பிறந்தவை என்று காட்டி விற்பதாக வந்த செய்திகளுக்கு என்ன பதில்?

கரவெட்டியான்

நியாயமாக்காது. அண்ணரோடு அதில் எனக்கு வாதமில்லை. ரசல், பேர்ச் என்ற இருவர் 1959 இல் முன்வைத்த மூன்று கொள்கைகள் – விலங்குக்கு மாற்று வழி தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைக் குறைப்பது – இன்றும் இத்துறையின் அளவுகோல். பரம்பரையலகுப் பரிசோதனை உதவுவது இரண்டாவதுக்கு மட்டும்: உறவுமுறை தெரிந்த பன்னிரண்டு விலங்குகளில் பெறக்கூடிய தெளிவை, தெரியாத முப்பதிலும் பெற முடியாமல் போகலாம். மாற்று வழி கிடைத்த இடத்தில் குரங்கை விட்டுவிட வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. சிம்பன்சிகளில் ஆய்வு செய்வதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2015 இல் முடித்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு மருந்து ஒழுங்குபடுத்தல் நிர்வாகம், ஒற்றைமூல எதிருடல் மருந்துகளுக்கு விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை அறிவித்தது. இந்தப் போக்கு நிற்கப்போவதில்லை.

கள்ளக் குரங்கு விடயம் உண்மையான பிரச்சினை. 2020 இல் சீனா குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. கொரோனாத் தடுப்பூசி ஆய்வுகளால் கிராக்கி ஏறிய அதே காலத்தில் வரத்துக் குறைந்தது, விலை பலமடங்கு உயர்ந்தது. கம்போடியா முக்கிய வழங்குநரானது. காட்டில் பிடித்த நீண்டவால் மக்காக் குரங்குகளை வளர்ப்பில் பிறந்தவை என்று பொய் ஆவணம் காட்டி அனுப்பியதாக, அந்நாட்டு வனத்துறை அதிகாரிகள் உட்படப் பலர் மீது 2022 நவம்பரில் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கை நேரில் எதிர்கொண்ட ஓர் அதிகாரியை 2024 இல் நடுவர் குழு விடுதலை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இனத்தை 2022 இல் இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. எமது செங்குரங்கும் அதே வகையில்தான் இருக்கிறது, தென்னங்காணிக்காரருக்கு இது நம்பக் கடினமாக இருந்தாலும்.

ஆவணத்தில் வளர்ப்பு என்று எழுதியிருப்பதைச் சோதிக்கத் தாய் தந்தைப் பரிசோதனையை விட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. பண்ணை தனது இனவிருத்தி விலங்குகளின் மாதிரிகளைக் கொடுக்க வேண்டும், அனுப்பப்படும் குட்டி அவற்றில் ஒரு சோடிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது எங்கே பிறந்தது என்று பண்ணை விளக்க வேண்டும். ஆனால் பெற்றோரின் மாதிரியைக் கொடுப்பதும் அதே பண்ணைதான் என்பதால், மாதிரி எடுக்கும் இடத்தில் வெளியாள் ஒருவர் நிற்காதவரை இதுவும் காகிதமாகவே முடியலாம்.

திருநெல்வேலி ரீச்சர்

விளக்கங்களுக்கு நன்றி. பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் கொஞ்சம் எழுத முடியுமா? தாய் யாரென்பது பார்த்தாலே தெரியும், தகப்பனை மட்டும் தேடினால் போதும் என்று நினைக்கிறேன்.

கரவெட்டியான்

தாயையும் தேட வேண்டும், ரீச்சர். குட்டி பிறந்த இரவில் இன்னொரு பெண் அதைப் பறித்து வளர்க்கலாம், இரு தாய்மார் குட்டிகளை மாற்றிக்கொள்ளலாம், பதிவாளர் இலக்கத்தைத் தவறாக எழுதலாம். காலையில் குட்டியை நெஞ்சில் அணைத்திருப்பவள் தாய் என்று எழுதிவிட்டால், பிழை வம்சாவளியில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

நீண்டகாலம் பாவிக்கப்பட்ட முறை எஸ்டிஆர் எனப்படும் குறுகிய மீள்வரிசைகளை, அதாவது டிஎன்ஏயில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்களை, அளப்பது. ஒவ்வொரு இடத்திலும் விலங்குக்கு இரண்டு எதிருருக்கள் உண்டு; அவற்றின் நீளத்தைக் காரச்சோடிகளின், அதாவது டிஎன்ஏயின் எழுத்துச் சோடிகளின், எண்ணிக்கையில் எழுதுவோம். ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். ஒரேயொரு இடத்தில் பொருந்தாமை பிறழ்வாலோ அளவீட்டுக் கோளாறாலோ நேரலாம் என்பதால், குறைந்தது இரண்டு இடங்களில் பொருந்தாவிட்டால்தான் ஒரு விலங்கை விலக்குவோம். இப்போது எஸ்என்பி எனப்படும் ஒற்றையெழுத்து வேறுபாடுகளுக்குப் பல நிலையங்கள் மாறிவிட்டன. ஒரு எஸ்என்பி தரும் தகவல் குறைவு, ஆனால் நூற்றுக்கணக்கானவற்றை ஒரே தடவையில் வாசிக்கலாம், ஒரு ஆய்வுகூடத்தின் முடிவை மற்றொன்றோடு தயக்கமின்றி ஒப்பிடலாம், பூர்வீகத்தையும் அதிலேயே கணிக்கலாம்.

மார்மோசெட் என்ற தென்னமெரிக்கச் சிறு குரங்கில் மட்டும் இரத்தத்தை நம்பக் கூடாது. அவை பெரும்பாலும் இரட்டையாகப் பிறப்பவை. கருவிலேயே குருதித் தொடர்பு ஏற்படுவதால் ஒன்றின் இரத்தத்தில் மற்றதன் கலங்களும் ஓடும். அங்கே மயிர்வேர் போன்ற வேறு மாதிரியை எடுப்பதே பாதுகாப்பு.

பிள்ளைக்கு ஒரு கணக்குத் தருகிறேன். எண்கள் கற்பனை, நிலைமை உண்மையில் நேர்வதுதான். குட்டி: முதலாம் இடத்தில் 152, 160, இரண்டாம் இடத்தில் 201, 209, மூன்றாம் இடத்தில் 118, 126. பதிவிலுள்ள தாய்: 152, 156, 205, 213, 122, 130. வளவிலுள்ள மூத்த ஆண்: 148, 160, 201, 205, 126, 134. இளைய ஆண்: 152, 156, 209, 213, 118, 122. தகப்பன் யார்?

நாவற்குழிப் பிள்ளை

முதலாம் இடத்தை மட்டும் பார்த்தால் தாய் 152 ஐக் கொடுத்திருக்க வேண்டும், 160 மூத்த ஆணிடம் மட்டுமே உண்டு, ஆகவே அவனே தகப்பன் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடங்களில் பதிவிலுள்ள தாய்க்கும் குட்டிக்கும் ஒரு எதிருருவும் பொதுவாக இல்லை. இரண்டு இடங்களில் பொருந்தாததால் அவள் தாயல்லள். அவளை நீக்கிவிட்டுப் பார்த்தால், மூத்தவனிடமும் இளையவனிடமும் குட்டியின் எதிருரு மூன்று இடங்களிலும் ஒவ்வொன்று இருக்கிறது. ஆகவே உண்மைத் தாயைக் கண்டுபிடிக்கும் வரை தகப்பனைச் சொல்ல முடியாது, ஐயா.

கரவெட்டியான்

சரி. அதே வாரத்தில் குட்டியீன்ற பெண்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கிறோம். அதில் ஒருத்தி 152, 164, 209, 217, 118, 130. அவள் கொடுத்தது 152, 209, 118 என்றாகிறது. தகப்பனிடமிருந்து வந்தவை 160, 201, 126. மூன்றும் மூத்தவனிடம் உண்டு, இளையவனிடம் ஒன்றும் இல்லை.

முதலாம் இடத்தோடு நின்றவருக்கும் தகப்பன் சரியாகவே வந்திருப்பான், தாய் பிழையாகப் பதிவாகியிருப்பாள். இனி அந்தப் பட்டியலை மூடக்கூடாது. பதிவிலுள்ள பெண்ணும் அதே வாரத்தில் ஈன்றிருந்தால், அவளுடைய குட்டி இப்போது யாருடைய நெஞ்சில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும்.